ஒஸ்ட்ராவாவின் சிறப்புப் பள்ளிகளும் 18 ரோமா பிள்ளைகளும்: ஒரு நிகழ்வு ஆய்வு

செக் குடியரசின் வடகிழக்கு மூலையில், நிலக்கரியையும் எஃகையும் நம்பி வளர்ந்த தொழில் நகரம் ஒஸ்ட்ராவா. 1996க்கும் 1999க்கும் இடையில் அந்நகரைச் சேர்ந்த, ரோமா என்ற சிறுபான்மை இனத்தின் 18 பிள்ளைகள், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கான சிறப்புப் பள்ளிகளில் சேர்க்கப்பட்டார்கள். இனத்தின் பெயரால் தங்களைப் பிரித்துவிட்டார்கள் என்று அவர்கள் தொடுத்த வழக்கு உள்நாட்டிலும் தோற்றது, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் முதல் அமர்விலும் தோற்றது, கடைசியில் 2007 நவம்பர் 13 அன்று அதே நீதிமன்றத்தின் பதினேழு நீதிபதிகள் கொண்ட பேரமர்வில் வென்றது. வழக்காடிய பிள்ளைகள் தீர்ப்பிலேயே எண்களாலும் முதலெழுத்துகளாலும் மட்டுமே குறிக்கப்படுகிறார்கள். இங்கும் பெயர் இல்லை.

சிறுபான்மைப் பிள்ளைகளின் கல்வி குறித்துப் புகார் எழுதுபவர்களும், பள்ளிச் சேர்க்கை விவரங்களைத் திரட்டுபவர்களும், ஒதுக்கீட்டுச் சோதனைகளை நடத்துபவர்களும் இந்த வழக்கிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. எந்தச் சான்று எடுபட்டது, எது எடுபடவில்லை, வென்ற பிறகும் ஏன் வகுப்பறை அவ்வளவாக மாறவில்லை என்ற மூன்றையும் நடந்த வரிசையிலேயே பார்க்கலாம்.

பின்னணி

ரோமா மக்களின் மூதாதையர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வட இந்தியாவிலிருந்து மேற்கே சென்றவர்கள். அவர்கள் பேசும் ரோமானி, இந்தோ-ஆரிய மொழிகளில் ஒன்று. செக் நிலப்பகுதியில் இரண்டாம் உலகப் போருக்கு முன்பு வாழ்ந்த ரோமா சமூகம் நாஜிகளின் காலத்தில் ஏறக்குறைய முழுவதுமாக அழிக்கப்பட்டது. லெட்டி, ஹொடோனின் ஆகிய இடங்களில் இருந்த முகாம்களில் அடைக்கப்பட்டவர்களில் பலர் ஆஷ்விட்ஸ் என்ற நாஜி மரண முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். சுமார் 6,500 பேரில் 600க்கும் குறைவானவர்களே உயிரோடு திரும்பினார்கள்.

இன்று செக் நாட்டில் வாழும் ரோமாக்களில் பெரும்பாலோர் போருக்குப் பிறகு சுலோவாக்கியாவிலிருந்து வந்தவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். சுரங்கத்துக்கும் ஆலைக்கும் கட்டுமானத்துக்கும் ஆள் தேவைப்பட்ட இடங்களில் குடியேறினார்கள். ஒஸ்ட்ராவா அவற்றில் முக்கியமானது. 1989க்குப் பிறகு கனரகத் தொழில் சுருங்கியது. 1994இல் நகர எல்லைக்குள் நிலக்கரி எடுப்பது அடியோடு நின்றது. பயிற்சி தேவைப்படாத வேலைகள்தான் முதலில் போயின, அந்த வேலைகளில்தான் ரோமாக்கள் அதிகம் இருந்தார்கள். இந்தப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியபோது பல வீடுகளில் அப்பாவுக்கு வேலை இல்லை.

பின்னால் வழக்கில் பெரிதாக வந்து நின்ற ஒரு விஷயத்தை இங்கேயே சொல்ல வேண்டும். 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களை ரோமா என்று பதிந்தவர்கள் 32,903 பேர். 2001இல் 11,746 பேர். ஆனால் நாட்டில் ஒன்றரை முதல் மூன்று லட்சம் ரோமாக்கள் வாழ்வதாக மதிப்பீடுகள் சொல்லின. இனப் பட்டியலை வைத்துக்கொண்டு ஆட்களைக் கொண்டுபோனதை நினைவில் வைத்திருக்கும் சமூகம் அரசுப் படிவத்தில் தன் இனத்தை எழுதத் தயங்குவதில் வியப்பு ஒன்றும் இல்லை. பள்ளிகளும் 1990க்குப் பிறகு மாணவர்களின் இனத்தைப் பதிவதை நிறுத்திவிட்டன. ஆகவே சிறப்புப் பள்ளியில் எத்தனை ரோமா பிள்ளைகள் என்று கேட்டால், அதிகாரப்பூர்வமான விடை எவரிடமும் இல்லை.

சிறப்புப் பள்ளிக்குப் போன வழி

1984ஆம் ஆண்டின் பள்ளிச் சட்டப்படி, அறிவு வளர்ச்சியில் குறைபாடு இருப்பதால் சாதாரணப் பள்ளியில் படிக்க முடியாத பிள்ளைகளுக்கானது சிறப்புப் பள்ளி. அங்கே போய்ச் சேர மூன்று படிகள். கல்வி உளவியல் ஆலோசனை மையத்தில் அறிவுத்திறன் சோதனை, பெற்றோரின் ஒப்புதல், தலைமை ஆசிரியரின் முடிவு. சிலர் பள்ளி வாழ்க்கையை அங்கேயே தொடங்கினார்கள். மற்றவர்கள் சாதாரணப் பள்ளியில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு மாற்றப்பட்டார்கள்.

மூன்று படிகளையும் தாளில் மட்டும் பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இனம் என்ற சொல் எங்கும் வராது. நிபுணர் சோதிக்கிறார், பெற்றோர் கையெழுத்திடுகிறார், பொறுப்புள்ள அலுவலர் முடிவெடுக்கிறார். அதனால் கோளாறு எங்கே நுழைந்தது என்பதை ஒவ்வொரு படியாகத்தான் பார்க்க வேண்டும்.

சோதனையில் பெரும்பாலும் வெக்ஸ்லர் சோதனையின் வடிவங்களும் ஸ்டான்ஃபோர்டு-பினே சோதனையும் பயன்பட்டன. இவற்றின் சொல்வழிப் பகுதி பிள்ளையின் சொல்வளத்தையும் பொது அறிவையும் அளக்கிறது, அதுவும் பெரும்பான்மையினரின் மொழியில். வீட்டில் ரோமானியோ, ரோமானி கலந்த செக்கோ பேசி வளர்ந்த, மழலையர் பள்ளிக்குப் போகாத ஆறு வயதுப் பிள்ளை அங்கே இழக்கும் மதிப்பெண்ணை மூளையின் கணக்கில் எழுதக் கூடாது. செயல்வழிப் பகுதியிலும் நேரக் கட்டுப்பாடு உண்டு. பென்சில் பிடித்துப் பழகாத கை அதில் பின்தங்கும். முன்பின் தெரியாத அலுவலகத்தில் முன்பின் தெரியாத ஒருவர் கேட்கும் கேள்விக்கு வாய் திறக்காத பிள்ளையும் ‘பதில் இல்லை’ என்றுதான் குறிக்கப்படுவான். இவற்றோடு, சோதனையின் அளவுகோல் எந்தப் பிள்ளைகளை வைத்து நிர்ணயிக்கப்பட்டது என்ற கேள்வியும் இருக்கிறது. அவர்களில் ரோமா பிள்ளைகள் போதிய அளவில் இல்லையென்றால், ‘சராசரிக்குக் கீழே’ என்ற முடிவு வேறொரு கூட்டத்தின் சராசரியைக் குறிக்கிறது. கிடைத்த எண்ணை இந்தச் சூழலோடு சேர்த்துப் படிக்கும் ஏற்பாடு இல்லாததுதான் முதல் ஓட்டை.

ஒப்புதலில் நடந்தது இன்னும் வேதனை தருவது. பெற்றோரிடம் நீட்டப்பட்டது முன்கூட்டியே நிரப்பிய படிவம். சிறப்புப் பள்ளிப் பாடத்திட்டத்துக்கும் சாதாரணப் பள்ளிப் பாடத்திட்டத்துக்கும் என்ன வேறுபாடு, வேறு என்ன வழிகள் உண்டு, ஒன்பது ஆண்டு கழித்துப் பிள்ளை எங்கே போக முடியும், எங்கே போக முடியாது என்ற எதுவும் அதில் இல்லை. அப்போதைய சட்டப்படி சிறப்புப் பள்ளியில் முடித்தவர் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கு மட்டுமே போக முடியும். மற்ற மேல்நிலைக் கல்வியின் கதவு மூடியிருந்தது. 2000 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம்தான் அதைத் திறந்தது. அப்போதும், மெலிந்த பாடத்திட்டத்தில் படித்தவர் நுழைவு நிபந்தனைகளை எட்டுவது கடினமாகவே இருந்தது.

பெற்றோர்கள் ஏன் கையெழுத்திட்டார்கள்? சிலர் தாங்களாகவே கேட்டு வாங்கியதும் உண்டு. சாதாரணப் பள்ளியில் பிள்ளை தனியாக உட்கார வைக்கப்படுவான், கேலிக்கு ஆளாவான். சிறப்புப் பள்ளியில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் இருந்தார்கள், அக்காவோ அண்ணனோ ஏற்கெனவே அங்கே படித்துக்கொண்டிருந்தார்கள். பெற்றோர் முன்பு இருந்தவை, ஒதுக்கிவைக்கும் நல்ல பள்ளி ஒன்றும், ஏற்றுக்கொள்ளும் மோசமான பள்ளி ஒன்றும். இந்த நிலையில் போட்ட கையெழுத்தை ‘சம்மதம்’ என்று சட்டம் ஏற்கலாமா என்பதே பிறகு வழக்கின் மையமாயிற்று.

எண்ணிக்கை எடுத்த முறை

18 பிள்ளைகளின் கோப்புகளை மட்டும் வைத்துப் பாகுபாட்டை நிரூபிக்க முடியாது. ஒவ்வொரு கோப்பிலும் ஒரு சோதனை அறிக்கையும் ஒரு கையெழுத்தும் இருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் முறைப்படி நடந்தவையாகவே தெரியும். எல்லாவற்றையும் சேர்த்து வைத்தால்தான் வடிவம் தெரியும். புடாபெஸ்ட்டிலிருந்து இயங்கிய ஐரோப்பிய ரோமா உரிமை மையமும் வழக்கறிஞர்களும் அதனால் நகரம் முழுவதையும் எண்ணுவது என்று முடிவெடுத்தார்கள். எங்கள் பார்வையில் இந்த வழக்கில் எடுக்கப்பட்ட மிகச் சிறந்த முடிவு இதுதான்.

1999இல் ஒஸ்ட்ராவாவின் 8 சிறப்புப் பள்ளிகளிலும் 69 சாதாரணப் பள்ளிகளிலும் தலைமை ஆசிரியர்களிடம் வினாநிரல் வழியாக விவரம் பெறப்பட்டது. கிடைத்தவை இவை: சிறப்புப் பள்ளிகளில் மொத்தம் 1,360 மாணவர்கள், அவர்களில் ரோமா 762, அதாவது 56 விழுக்காடு. சாதாரணப் பள்ளிகளில் மொத்தம் 33,372 மாணவர்கள், அவர்களில் ரோமா 2.26 விழுக்காடு.

இதே கணக்கை வேறு ஊரில் போட நினைப்பவர்கள் அடுத்த படியைக் கவனிக்க வேண்டும். ‘சிறப்புப் பள்ளியில் 56 விழுக்காடு ரோமா’ என்பது கேட்பவரை உலுக்கும் எண்தான். ஆனால் சட்டத்துக்கு அது போதாது. அந்த ஊரில் ரோமாக்களே பாதிப்பேர் என்றால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. ஒரு ரோமா பிள்ளை அங்கே போவதற்கான வாய்ப்பு எவ்வளவு, ரோமா அல்லாத பிள்ளைக்கு எவ்வளவு என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு வகுஎண்ணை மாற்ற வேண்டும். 33,372இல் 2.26 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 754 பேர். நகரின் மொத்த ரோமா மாணவர்கள் 762ம் 754ம் சேர்ந்து 1,516. அவர்களில் சிறப்புப் பள்ளியில் இருப்பவர்கள் 762, அதாவது 50.3 விழுக்காடு. மறுபக்கம், சிறப்புப் பள்ளியில் ரோமா அல்லாதவர் 598, சாதாரணப் பள்ளியில் ஏறத்தாழ 32,618, கூட்டினால் 33,216. அவர்களில் 598 என்பது 1.8 விழுக்காடு. இரண்டையும் ஒப்பிட்டால், ரோமா பிள்ளை சிறப்புப் பள்ளியில் போய்ச் சேரும் வாய்ப்பு மற்றப் பிள்ளைக்கு உள்ளதைவிட 27 மடங்குக்கும் அதிகம்.

இரண்டில் ஒரு ரோமா பிள்ளை, ஐம்பத்தைந்தில் ஒரு மற்றப் பிள்ளை. அறிவு வளர்ச்சிக் குறைபாடு ஒரு சமூகத்தில் பாதிப்பேரைத் தாக்குவதாக எந்த மருத்துவமும் சொல்வதில்லை. வேறு எதையோ அளந்திருக்கிறார்கள் என்பதற்கு இந்தக் கணக்கே சான்று.

கணக்கில் ஒரு பலவீனமும் இருந்தது. யார் ரோமா என்பதைச் சொன்னவர்கள் தலைமை ஆசிரியர்கள். பிள்ளையோ பெற்றோரோ தங்களை அப்படி அறிவித்துக்கொள்ளவில்லை. அரசு பின்னால் இதைத்தான் தாக்கியது. வழக்குத் தரப்பு அரசு தானே பன்னாட்டு அமைப்புகளுக்குக் கொடுத்த அறிக்கைகளையும், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் தாய் அமைப்பான ஐரோப்பியப் பேரவையின் கண்காணிப்பு அமைப்புகள் எழுதியவற்றையும் பக்கத்தில் வைத்தது. எண்கள் ஒன்றுக்கொன்று சற்று வேறுபட்டாலும் எல்லாம் ஒரே திசையைக் காட்டின.

1999: உள்நாட்டில் எடுத்த நடவடிக்கைகள்

1999 ஜூன் 15 அன்று இரண்டு வழிகள் ஒரே நேரத்தில் தொடங்கப்பட்டன. 14 பிள்ளைகளின் சார்பில் ஒஸ்ட்ராவா கல்வி அலுவலகத்தில் மறுபரிசீலனை மனு, 12 பேரின் சார்பில் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் முறையீடு. சேர்க்கை சட்ட விதிகளுக்கு உட்பட்டே நடந்திருக்கிறது, தலையிட முகாந்திரம் இல்லை என்று செப்டம்பரில் கல்வி அலுவலகம் பதில் அனுப்பியது. அக்டோபர் 20 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் முறையீட்டைத் தள்ளியது. ஒட்டுமொத்தச் சமூகச் சூழலை ஆராய்வது தன் வேலை அல்ல, தனிப்பட்ட நிகழ்வுகளில் உறுதியான சான்று இல்லை என்பவை அதன் காரணங்கள்.

இங்கே ஒரு இடறல் இருந்தது. சேர்க்கை ஆணை ஒவ்வொன்றிலும் மேல்முறையீடு செய்யலாம் என்ற குறிப்பு அச்சிடப்பட்டிருந்தது. எவருமே அப்போது மேல்முறையீடு செய்யவில்லை. உள்நாட்டு வழிகளை முடிக்காமல் வந்துவிட்டார்கள் என்று, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இருக்கும் ஸ்ட்ராஸ்பூர்க்கில் அரசு வாதிட இது இடம் கொடுத்தது. அரசியலமைப்பு நீதிமன்றமே இந்தக் குறையை ஒதுக்கிவைத்துவிட்டு வழக்கின் சாரத்தைத் தொட்டுப் பேசியிருந்ததால்தான் அந்த வாதம் எடுபடாமல் போயிற்று. அப்படி ஒரு வாய்ப்பு எல்லா வழக்கிலும் கிடைக்கும் என்று எண்ணக் கூடாது.

இடைப்பட்ட காலத்தில், சாதாரணப் பள்ளிக்கு மாற வழி உண்டு என்று பள்ளி நிர்வாகம் பிள்ளைகளுக்குக் கடிதம் அனுப்பியது. நான்கு பேர் தகுதித் தேர்வில் தேறி மாறிச் சென்றார்கள். ‘சாதாரணப் பள்ளியில் படிக்க இயலாதவர்’ என்று கோப்பில் எழுதப்பட்டிருந்த பிள்ளைகள் இவர்கள்.

2000 முதல் 2006 வரை: முதல் தோல்வி

2000 ஏப்ரல் 18 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் மனு பதிவாயிற்று. எண் 57325/00. ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் பாகுபாட்டைத் தடுக்கும் 14ஆம் பிரிவும், அதனோடு பின்னர் இணைக்கப்பட்ட முதல் நெறிமுறையில் கல்வி உரிமையைத் தரும் 2ஆம் பிரிவும் சேர்த்து வாசிக்கப்பட வேண்டும் என்பது கோரிக்கை. பிள்ளைகளை வேண்டுமென்றே ஒதுக்கினார்கள் என்று வாதிட வழக்குத் தரப்பு முனையவில்லை. எந்தத் தலைமை ஆசிரியரின் மனத்தையும் நீதிமன்றத்தில் திறந்து காட்ட முடியாது. நடுநிலையாகத் தோன்றும் விதி ஒரு சமூகத்தின் மேல் மட்டும் கனமாக விழுந்தால் அதுவும் பாகுபாடே, நோக்கத்தைக் காட்டத் தேவையில்லை என்ற மறைமுகப் பாகுபாட்டு வாதத்தையே எடுத்தார்கள். வேலைக்கான தகுதித் தேர்வுகளைப் பற்றிய கிரிக்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971இல் ஏற்றுக்கொண்ட கருத்து இது. 2000ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய இனச் சமத்துவ ஆணையும் இதை எழுதி வைத்திருந்தது. ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றமோ, புள்ளிவிவரம் மட்டும் பாகுபாட்டைக் காட்டாது என்று 2001இல்கூடச் சொல்லியிருந்தது.

2006 பிப்ரவரி 7 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் மனுவை நிராகரித்தது. புள்ளிவிவரம் கவலை தருகிறது என்பதை அமர்வு மறுக்கவில்லை. ஆனால் ஒட்டுமொத்த அமைப்பை எடைபோடுவது தன் பொறுப்பில்லை, இந்த 18 பேரின் சேர்க்கை இனத்தை வைத்து நடந்ததாகக் காட்டப்படவில்லை, பெற்றோர் சம்மதித்தார்கள், மேல்முறையீடும் செய்யவில்லை என்றது.

பெரும்பாலான வழக்குகள் இந்த இடத்தில் முடிந்துவிடும். இந்தத் தரப்பு வழக்கைப் பேரமர்வுக்கு அனுப்பும்படி கேட்டது, கோரிக்கை ஏற்கப்பட்டது. 2007 ஜனவரி 17 அன்று வாய்மொழி விசாரணை நடந்தது.

2007: பேரமர்வு சொன்னது

பதினேழு நீதிபதிகளில் பதின்மூவர் பிள்ளைகளின் பக்கம் நின்றார்கள். அவர்கள் வந்த வழி நான்கு கட்டங்களாக இருந்தது.

முதல் கட்டம் எண்களைப் பற்றியது. தலைமை ஆசிரியர்கள் கொடுத்த விவரம் துல்லியமாக இல்லாமல் போகலாம். ஆனால் அரசிடம் மாற்று எண்ணிக்கை எதுவும் இல்லை, மற்றச் சுயேச்சையான அறிக்கைகளும் அதே போக்கைக் காட்டுகின்றன. சரியான விழுக்காடு எதுவாக இருந்தாலும் ரோமா பிள்ளைகள் அளவுக்கு மீறி இருந்தார்கள் என்பது தெளிவு. மறைமுகப் பாகுபாட்டுக்கு முகாந்திரம் காட்ட இது போதும்.

முகாந்திரம் காட்டியாயிற்று என்றால் விளக்கம் சொல்லும் பொறுப்பு அரசின் மேல் விழுகிறது. சோதனைகள் நிபுணர்கள் நடத்தியவை என்று அரசு சொன்னது. அவை ரோமா பிள்ளைகளின் சூழலையும் தனித்தன்மைகளையும் கணக்கில் எடுக்காமல் விளக்கப்பட்டிருக்கும் ஆபத்து உண்டு, ஆகவே இந்த வேறுபாட்டை அவற்றால் நியாயப்படுத்த முடியாது என்றது நீதிமன்றம்.

சம்மதத்தைப் பற்றி இரண்டு விடைகள் வந்தன. அந்தப் பெற்றோருக்குப் போதிய தகவல் கிடைக்கவில்லை, அவர்கள் எல்லா விளைவுகளையும் எடைபோடும் நிலையில் இருக்கவில்லை என்பது ஒன்று. இரண்டாவது அதைவிட ஆழமானது: இனப் பாகுபாட்டுக்கு ஆளாகாமல் இருக்கும் உரிமையை யாரும் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்க முடியாது, அப்படி விட்டுக்கொடுத்தாலும் செல்லாது. முழுத் தகவலோடு போட்ட கையெழுத்தும்கூட அரசைக் காப்பாற்றியிருக்காது என்பதே இதன் பொருள். தீர்ப்பைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் முதல் விடையோடு நின்றுவிடுகிறார்கள். எடுத்துச் செல்ல வேண்டியது இரண்டாவதுதான்.

நான்காவது, தனித்தனிக் கோப்புகளைப் பற்றியது. சட்டம் நடைமுறையில் ஒரு சமூகத்தையே பாதித்தது என்று நிறுவப்பட்ட பிறகு, அச்சமூகத்தைச் சேர்ந்த இந்த 18 பேரும் அதே பாகுபாட்டுக்கு ஆளானவர்களே. ஒவ்வொருவரின் கோப்பையும் தனியே ஆராயத் தேவையில்லை. 2006இல் தோற்ற இடமும் இதுதான், 2007இல் வென்ற இடமும் இதுதான்.

ஒவ்வொருவருக்கும் 4,000 யூரோ இழப்பீடும், எல்லோருக்கும் சேர்த்து 10,000 யூரோ வழக்குச் செலவும் வழங்க உத்தரவாயிற்று.

மாறுபட்ட நால்வர்

எதிர்த்து எழுதிய நால்வரின் கருத்தையும் கேட்டாக வேண்டும். பள்ளிப் பக்கமே போகாத ரோமா பிள்ளைகள் பெருமளவில் இருக்கும் நாடுகளை விட்டுவிட்டு, ஏறக்குறைய எல்லோரையும் பள்ளிக்குக் கொண்டுவந்த நாட்டைக் கண்டிக்கிறோம் என்பது செக் நீதிபதியின் ஆதங்கம். இன்னொருவர், ரோமா பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு எது நல்லது என்று தீர்மானிக்கத் தகுதியற்றவர்கள் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு சொல்வதாகவும், அது அவர்களை இழிவுபடுத்துவதாகவும் எழுதினார்.

இந்த இரண்டாவது எதிர்ப்பு நியாயமான ஒரு புண்ணைத் தொடுகிறது. பெற்றோரின் கல்வியறிவுக் குறைவைச் சுட்டி அவர்களுடைய சம்மதத்தைத் தள்ளுவது, காப்பாற்றுகிறேன் என்று சொல்லி அவர்களைச் சிறியவர்களாக்கும் பேச்சுதான். படிவத்தில் தகவல் இல்லை என்பதோடு நின்றிருந்தாலே நீதிமன்றத்துக்கு அந்தப் பகுதி போதுமானதாக இருந்திருக்கும். தகவல் இல்லாத படிவத்தை முனைவர் பட்டம் பெற்றவரிடம் நீட்டினாலும் அது தகவல் இல்லாத படிவமே.

தீர்ப்புக்குப் பின்

வழக்குத் தொடுத்தவர்கள் 1985க்கும் 1991க்கும் இடையில் பிறந்தவர்கள். தீர்ப்பு வந்தபோது அவர்களுக்கு வயது 16 முதல் 22. கட்டாயக் கல்வி முடிந்துவிட்டது. 4,000 யூரோவைத் தவிர அவர்களுக்கென்று வேறு எந்தப் பரிகாரமும் தீர்ப்பில் இல்லை. விடுபட்ட பாடங்களைப் படிக்கவோ, மேல்நிலைக் கல்விக்குத் தயாராகவோ ஓர் ஏற்பாடுகூட இல்லை.

சட்டமோ தீர்ப்புக்கு முன்பே மாறியிருந்தது. 2005 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய பள்ளிச் சட்டம் (561/2004) ‘சிறப்புப் பள்ளி’ என்ற வகையையே நீக்கியது. ஆனால் பல இடங்களில் அதே கட்டடத்தில், அதே ஆசிரியர்களோடு, ‘செய்முறை அடிப்படைப் பள்ளி’ என்ற பெயரில் அவை தொடர்ந்தன. லேசான அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கென்று தேசியப் பாடத்திட்டத்தில் ஒரு பின்னிணைப்பு சேர்க்கப்பட்டது. குறைக்கப்பட்ட பாடத்திட்டம் அதன் வழியாக உயிரோடு இருந்தது. 2012இல் நாட்டின் மக்கள் உரிமைக் காப்பாளர் அலுவலகம் இப்படிப்பட்ட பள்ளிகளை ஆராய்ந்தபோது, மாணவர்களில் 32 முதல் 35 விழுக்காட்டினர் ரோமா என்று கண்டது. அடிப்படைப் பள்ளி மாணவர்கள் எல்லோரையும் எடுத்துக்கொண்டால் ரோமாக்கள் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை.

பெரிய நகர்வு வெளி அழுத்தத்தால் வந்தது. ஐரோப்பியப் பேரவையின் அமைச்சர்கள் குழு தீர்ப்பின் நிறைவேற்றத்தை 15 ஆண்டுகளுக்கும் மேலாகக் கண்காணித்து, அறிக்கை கேட்டுக்கொண்டே இருந்தது. 2014 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் இனச் சமத்துவ ஆணையை மீறியதாகச் செக் அரசின் மேல் நடவடிக்கை தொடங்கியது. அடுத்த ஆண்டே பள்ளிச் சட்டம் திருத்தப்பட்டது. 2016 செப்டம்பர் 1 முதல் அந்தப் பின்னிணைப்பு ஒழிந்தது. உதவி தேவைப்படும் பிள்ளைக்குச் சாதாரண வகுப்பிலேயே ஐந்து நிலைகளில் துணை தரும் ஏற்பாடு வந்தது. சிறு உதவிகளைப் பள்ளியே தொடங்கலாம், உயர் நிலைகளுக்கு ஆலோசனை மையத்தின் பரிந்துரை வேண்டும், அதற்கான பணம் அரசிடமிருந்து வரும். 2017 செப்டம்பர் முதல் மழலையர் பள்ளியின் கடைசி ஆண்டு கட்டாயமாயிற்று. ஆறு வயதுச் சோதனையில் பிள்ளைகள் எங்கே இழந்தார்கள் என்று மேலே பார்த்தோமே, அதற்கு நேரான மருந்து இதுதான். இருபது ஆண்டுகளுக்கு முன்பே கொடுத்திருக்க வேண்டியது.

தீர்ப்பு மற்ற நாடுகளுக்கும் சென்றது. கிரீஸில் ரோமா பிள்ளைகளைத் தனி இணைப்புக் கட்டடத்தில் வைத்தது (2008), குரோவேசியாவில் மொழியைக் காரணம் காட்டித் தனி வகுப்பு நடத்தியது (2010), ஹங்கேரியில் ஒஸ்ட்ராவா போன்றே சோதனை வழியாகச் சிறப்புப் பள்ளியில் சேர்த்தது (2013) என்று அடுத்தடுத்து வந்த வழக்குகள் இதன் மேல்தான் கட்டப்பட்டன. குரோவேசிய வழக்கு ஒன்பதுக்கு எட்டு என்ற கணக்கில்தான் வென்றது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இந்த நிலம் இன்னும் இறுகவில்லை.

இன்னொரு முறை செய்தால் மாற்ற வேண்டியவை

பரிகாரத்தை மனுவிலேயே எழுத வேண்டும். இந்த வழக்கு பாகுபாட்டை நிறுவுவதில் செலவிட்ட உழைப்பில் ஒரு பங்கையாவது, ‘வென்றால் இந்தப் பிள்ளைக்கு என்ன வேண்டும்’ என்ற கேள்விக்குத் தந்திருக்கலாம். ஈடுகட்டும் கல்வி, மறுசோதனை, கோப்பில் உள்ள குறைபாட்டுக் குறிப்பை நீக்குதல் ஆகியவற்றைத் தனித்தனிக் கோரிக்கைகளாக வைக்கலாம். நீதிமன்றம் தராமல் போகலாம், ஆனால் பின்னால் கண்காணிக்கும் குழுவின் முன்பு அவை பதிவாகியிருக்கும். வழக்கு நடக்கும் ஆண்டுகளில் பிள்ளை வளர்ந்துவிடுகிறான் என்பதால், இடைக்கால மறுசோதனையை முதல் மாதத்திலேயே கேட்க வேண்டும். ஒஸ்ட்ராவாவில் நான்கு பேர் அப்படி வெளியே வந்ததைப் பார்த்தோம். மீதிப் பேரையும் துணை ஆசிரியர் வைத்துத் தயார்செய்து அந்தத் தேர்வுக்கு அனுப்பியிருந்தால் எண்ணிக்கை வேறாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறோம்.

சேர்க்கை ஆணை கையில் கிடைத்தவுடன் மேல்முறையீடு செய்ய வேண்டும், ஒரு பக்கக் கடிதமாக இருந்தாலும் சரி. காலக்கெடு தவறிய மனுவுக்கு எந்த நீதிமன்றமும் இரக்கம் காட்டும் கடமை இல்லை. இதற்கு வழக்கறிஞர் தேவையில்லை. குடியிருப்பில் படிக்கத் தெரிந்த ஒருவருக்கு மாதிரிக் கடிதத்தை எழுதப் பழக்கினால் போதும்.

எண்ணுபவர்கள் ஒரு முறை எண்ணிவிட்டு நிறுத்தக் கூடாது. 1999இன் 50.3 விழுக்காட்டுக்குப் பக்கத்தில் அதே 77 பள்ளிகளின் 2003, 2005 எண்களும் இருந்திருந்தால், பெயர்ப்பலகை மாறியதால் எதுவும் மாறவில்லை என்பதை அரசே மறுக்க முடியாதபடி காட்டியிருக்கலாம். அரசு அதிகாரிகள் பிற்காலத்தில் தலைமை ஆசிரியர்களின் மதிப்பீட்டைக் கொண்டே ரோமா மாணவர்களின் எண்ணிக்கையைத் திரட்டத் தொடங்கினார்கள். வழக்கில் குறை சொல்லப்பட்ட அதே முறை. அதை முழுமையாக்க, பெற்றோர் பெயரில்லாமல் தாங்களே நிரப்பும் தாள் ஒன்றைச் சில பள்ளிகளில் சேர்த்து நடத்தி, இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளியை வெளியிடலாம்.

கடைசியாக, எண்ண வேண்டிய இடமும் மாறிவிட்டது. குறைக்கப்பட்ட பாடத்திட்டத்தில் படிக்கும் ரோமா பிள்ளைகள் குறைந்திருக்கிறார்கள். ஆனால் சாதாரணப் பள்ளிகளுக்குள்ளேயே, மாணவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ரோமாக்கள் இருக்கும் பள்ளிகள் உருவாகியிருக்கின்றன. எந்தத் தெரு எந்தப் பள்ளிக்கு என்ற எல்லையை நகராட்சி தன் ஆணையால் வகுக்கிறது. ரோமா அல்லாத பெற்றோர்கள் அந்த எல்லையைத் தாண்டி வேறு பள்ளியில் சேர்க்கிறார்கள், வேறு பள்ளிகளும் அவர்களை ஏற்கின்றன. அடுத்து கணக்கெடுக்கப் போகிறவர் ஒவ்வொரு பள்ளிக்கும் மூன்று எண்களை வாங்க வேண்டும்: எல்லைக்குள் வசிக்கும் பள்ளி வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் வேறு பள்ளிக்குப் போனவர்கள் எத்தனை பேர், எல்லைக்கு வெளியிலிருந்து சேர்க்கப்பட்டவர்கள் எத்தனை பேர். சேர்க்கை மறுக்கப்பட்ட பெற்றோரிடம் காரணத்தை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்வதும் இந்த வேலையில் ஒரு பகுதி.